சொட்டு பிடிக்காத பிள்ளை

ஜனவரி 12, சனி

இது போன வருடத்து டைரி. அறிவியலில் நான் முதலாவதாக வந்ததற்கு வகுப்பு மிஸ் கொடுத்தார். கிழமைகள் எல்லாம் தப்பாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அடித்துச் சரியான கிழமையை எழுதிக்கொள்கிறேன். பொங்கலுக்கு அப்பா ஓசூரிலிருந்து வருவார். அங்கே ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறார்.

முதல் பக்கம் என்பதால் எங்களைப் பற்றி எழுதுகிறேன். நான் யமுனா, ஒன்பதாம் வகுப்பு. ஊர் குடியாத்தம். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறாள். தம்பி லோகித்துக்கு எட்டு மாதம். அவனைப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைகளின் குடலில் என்னென்ன வைரஸ் இருக்கின்றன, போலியோ சொட்டு போட்டால் அவை என்ன ஆகின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. சனிக்கிழமைதோறும் எஸ்தர் அக்கா ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு வருவார். லோகித் வெளிக்குப் போனதில் கொஞ்சம் எடுத்து டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி இருக்கும். அந்த வேலை என்னுடையது. அம்மாவின் கையில் எப்போதும் புகையிலைத் தூள் இருப்பதால் அவள் டப்பாவைத் தொடக்கூடாது.

தெருவில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கற்பகம் அத்தை, "இன்னாடி யமுனா, இன்னிக்கு அறுவடை நல்லா இருக்கா?" என்று கேட்டார். அறிவியலில் எதுவும் அசிங்கம் இல்லை.

ஜனவரி 15, செவ்வாய்

அப்பா வந்திருக்கிறார். லோகித்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அழுதான். அப்பா அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

ஜனவரி 20, ஞாயிறு

அப்பா மறுபடி ஓசூர் போய்விட்டார். இன்று போலியோ முகாம். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருந்தார்கள். சொட்டு போடுவதற்கு முன்னால் ஒரு டப்பா எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் அக்கா, காலையிலேயே எடுத்துவிட்டேன்.

நல்ல கூட்டம். லோகித் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அங்கிருந்த நர்ஸ் கன்னத்தை அழுத்தியதும் கோழிக்குஞ்சு மாதிரி திறந்தான். இரண்டு சொட்டு. இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மா சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போனாள். முந்தானையை விரலில் சுற்றி அவன் வாயை உள்ளே வரைக்கும் துடைத்தாள். அவன் குமட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கக்கினான். சொட்டு ரொம்பக் கசப்பு போல. பிறகு சர்பத் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு மட்டும், அவள் குடிக்கவில்லை.

ஜனவரி 26, சனி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டப்பா கொடுத்தேன். பீடிக்கு நூல் கட்டினேன். நூலகத்தில் "நோய்களும் நாமும்" என்று எழுதி ஒட்டிய அலமாரியில் சமையல் புத்தகம்தான் அடுக்கியிருக்கிறது.

பிப்ரவரி 2, சனி

இன்று நிறைய எழுத இருக்கிறது.

எஸ்தர் அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாமல் உட்கார்ந்தார். "உன் தம்பி எங்க டாக்டரம்மாவைத் தூங்க விடமாட்டேங்கிறான்" என்றார்.

போலியோ சொட்டில் இருப்பதும் ஒரு வைரஸ்தானாம். பலவீனமாக்கிய வைரஸ். அது குடலுக்குள் போய்க் கொஞ்ச நாள் தங்கிப் பெருகும். உடம்பு அதைப் பார்த்து எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். அந்தச் சமயத்தில் குழந்தையின் மலத்திலும் அது வெளியே வரும். லோகித்தின் டப்பாவில் அது வரவேயில்லை. போன மாதம் எடுத்த ரத்தத்திலும் போலியோவை எதிர்க்கிற சக்தி இல்லை. இதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனுக்கு மூன்று முறை சொட்டு போட்டிருக்கிறார்கள். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

"அது எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"வேற வைரஸ் ஏற்கெனவே உள்ள இருந்தா இப்படி ஆவும்னு டாக்டரம்மா நினைக்கிறாங்க. இப்ப நீ பஸ்ல ஏறுற. ஜன்னல் வழியா எவனோ துண்டு போட்டு சீட் பிடிச்சு வெச்சிருக்கான். நீ இன்னா பண்ணுவ?"

"சண்டை போடுவேன்."

"நீ போடுவ. சொட்டு மருந்து போடாது. அது பாட்டுக்கு இறங்கிப் போயிடும்."

குடலுக்குள் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களை நினைத்து நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அவன் டப்பாவில் அப்படி வேறு வைரஸ் எதுவும் இதுவரை அகப்படவில்லையாம். அதுதான் புதிர். என் தம்பி ஒரு அறிவியல் புதிர். அம்மாவிடம் சொன்னேன். அம்மா இலை வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கத்தரி மட்டும் நின்றது.

இதை எழுதிக்கொண்டு வரும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

துணி துவைத்தேன். ரேஷன் கடைக்குப் போனேன். மண்ணெண்ணெய் இல்லை. நேற்று தோன்றியதை எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

சொட்டு போட அவனைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போன நாட்களில் ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். அன்றைக்கும் அம்மா குழாயடியில் நின்று அவன் வாயைத் துடைத்தாள். அன்றைக்கும் அவன் கக்கினான்.

பிப்ரவரி 10, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து நூல் கட்டினேன். லோகித் பாயில் குப்புறப் படுத்து நீந்திக்கொண்டிருந்தான்.

"அம்மா, சொட்டு போட்டதும் அவன் வாயை ஏம்மா துடைக்கிற?"

"எச்சி ஒழுகுச்சு."

"உள்ள வரைக்குமா?"

அம்மா பீடியின் வாயை மடித்து முடித்தாள். அடுத்த இலையை எடுத்தாள்.

"உனக்கு அப்புறம் ஒருத்தி பொறந்தாளே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

கொஞ்சம் இருக்கிறது. எனக்கு ஆறு வயது. ஒரு பாப்பா இருந்தாள், சின்னவள் என்று கூப்பிடுவோம். ஒருநாள் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தூளி இல்லை. காய்ச்சல் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் பேசியதில்லை.

"காய்ச்சல் இல்ல" என்றாள் அம்மா. "போலியோ போட்டுக்கினு வந்தேன். நான்தான் தூக்கிக்கினு போனேன். உங்கப்பா வெயில்ல எதுக்குன்னாரு. நான் கேக்கல. வரிசையில நின்னேன். வாயைத் திறக்கமாட்டேன்னுது, நானே புடிச்சுத் திறந்து காட்டினேன். மறுநாளே வாந்தி. அப்புறம் தண்ணியாப் போச்சு, நிக்கவேயில்ல."

"அதனாலதானா?"

"வேற எதனால? முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்தா." சுற்றிய பீடியைப் பிரித்து மறுபடி சுற்றினாள். "இவனுக்கு ஊசி எல்லாம் போட்டுட்டேன். அழுதாலும் புடிச்சுக்கினு போட்டேன். சொட்டு மட்டும் உள்ள போவக் கூடாது. போடலன்னா வீட்டுக்கே வந்து நிக்கறாங்க. போட்டுக்கினு துடைச்சுட்டா யாருக்கும் ஒண்ணும் இல்ல."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவில்லையா என்று கேட்டேன்.

"போறதுக்குள்ளதான் உயிர் போயிடுச்சே. உங்க பெரியம்மா வந்தாங்க. தண்ணி குடுக்காத, குடுத்தா இன்னும் போவும், வயிறு காயட்டும்னாங்க. நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டா யமுனா. டம்ளரைப் பாத்தாலே கையை நீட்டுவா. நான் டம்ளரை ஒளிச்சு வெச்சேன். ரெண்டு நாளு."

வயிற்றுப்போக்கு பற்றி எங்களுக்கு ஏழாம் வகுப்பிலேயே பாடம் இருந்தது. கேள்வி பதிலும் எழுதியிருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

"எஸ்தர் கிட்ட சொல்லிடாதடி" என்றாள் அம்மா.

பிப்ரவரி 16, சனி

எஸ்தர் அக்கா சந்தோஷமாக வந்தார். லோகித்தைப் பற்றி டாக்டரம்மா ஒரு கூட்டத்தில் பேசப்போகிறாராம். "பேரு சொல்லமாட்டாங்க. ஒரு நம்பர்தான். ஆனா நமக்குத் தெரியும் இல்ல" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினார். நான் டப்பாவின் மூடியை மறுபடி ஒருமுறை இறுக்கினேன்.

போகும்போது, "நல்லாப் படிச்சு எங்க லேபுக்கு வந்துடு. இவ்ளோ சுத்தமா டப்பா எடுக்கிற ஆளு வேற யாரும் இல்ல" என்றார்.

பிப்ரவரி 17, ஞாயிறு

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "நான் அக்காகிட்ட எதுவும் சொல்லல. ஆனா அவனுக்கு ஒண்ணுமே இல்லம்மா. ஊசி போட்டது வேற நோய்க்கு. போலியோவுக்கு அவன் உடம்புல எதுவும் இல்ல."

"ஊசியில எல்லாம் சேத்து இருக்காதா?"

"இல்லம்மா. ரத்தத்துல பாத்துட்டாங்க."

அம்மா எழுந்து போய் லோகித்தின் கால்களைப் பிடித்துப் பார்த்தாள். அவன் விளையாட்டு என்று நினைத்து உதைத்தான். கால்களை விடாமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, புதன்

அம்மாவே போன் செய்து எஸ்தர் அக்காவை வரவழைத்தாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முறம் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. வேலை நாளில் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்று அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டரம்மா கூட்டத்துல பேசறது போச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "முந்தானைன்னு ஒரு வைரஸ் இருக்கும்னு நாங்க யோசிக்கவே இல்ல தேவகி அக்கா."

அம்மா சிரிக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி போடறாங்களாமே. போட்டா இவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு."

"ஒண்ணும் ஆவாதுன்னு எப்படி நான் சொல்றது? பிள்ளைங்களுக்கு ஏதாவது வந்துகினேதான் இருக்கும். சளி வரும், பேதி ஆவும். சொட்டு போட்ட மறுநாளும் ஆவலாம், போடலன்னாலும் ஆவலாம். சொட்டால பேதி ஆகி உயிர் போவாது. அதை நான் சொல்வேன்."

"அப்ப ஏதாவது ஆச்சுன்னா நீ வரணும். எந்த நேரமா இருந்தாலும்."

"வரேன்."

"மறுநாள் நீ ஸ்கூலுக்குப் போவக்கூடாது" என்று என்னிடம் சொன்னாள். திங்கட்கிழமை கணக்குத் தேர்வு. சரி என்றேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

காலையில் டப்பா எடுத்தேன். கொஞ்சம் இளகலாக இருந்தது, வாழைப்பழம் கொடுத்ததால் இருக்கும். சொட்டு போட்டோம். அம்மா அவனை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் கை கட்டிக்கொண்டு நடந்தாள். லோகித் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தான். கசப்பே இல்லை போல.

வீட்டில் அம்மா சமைக்கவில்லை. அவன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான்தான் ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

பிப்ரவரி 25, திங்கள்

காலையில் வாந்தி. மத்தியானத்திலிருந்து தண்ணீராகப் போகிறது. எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்தேன். வேலூரில் பயிற்சியில் இருக்கிறாராம், காலையில் முதல் வேலையாக வருகிறேன், அதற்குள் மோசமானால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இரு என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மருந்துக் கடையில் உப்பு சர்க்கரைப் பொட்டலம் வாங்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தேன். அம்மா டம்ளரைப் பிடுங்கினாள்.

"தண்ணி குடுக்காத. இன்னும் போவும்."

"குடுக்கணும்மா. போனது எல்லாம் உள்ள வரணும்."

"நீ சும்மா இரு. பாத்தவ நான்." டம்ளரை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். லோகித் அது போன திசையையே பார்த்தான். கையை நீட்டினான்.

அம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி டம்ளரை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. அவனை மடியில் சாய்த்துக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊட்டினேன். கரண்டியைக் கடித்துக்கொண்டு விடவில்லை, அவ்வளவு தாகம்.

அம்மா சுவரோரமாக உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "யமுனா, அப்போ அன்னிக்கு..." என்றாள்.

நான் கரண்டியையே பார்த்தேன். கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மா அதை நம்பியிருக்கமாட்டாள்.

"அன்னிக்கு உனக்கு யாரும் சொல்லலம்மா" என்றேன்.

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் ஆடியது. எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் மடியில் இவன் இருந்தான், நிறுத்தக்கூடாது. அதனால் காலை நீட்டி அம்மாவின் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "குடு, நான் ஊட்டறேன். உனக்குக் கை வலிக்கும்" என்றாள்.

இன்று காலையில் எஸ்தர் அக்கா வந்தார். அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மூத்திரம் போனானா என்று கேட்டார். கண் கொஞ்சம் குழிந்திருக்கிறது, எதற்கும் டாக்டரம்மா ஒருமுறை பார்க்கட்டும் என்று ஆட்டோவில் கூட்டிப்போனார். டாக்டரம்மா வயதானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். எங்கள் வகுப்பு மிஸ் வயதுதான். பார்த்துவிட்டு, "டிரிப்ஸ் வேண்டாம். யார் இவ்ளோ குடுத்தது?" என்றார்.

அம்மா என்னைக் காட்டினாள். நான் அம்மாவைக் காட்டினேன்.

மார்ச் 1, வெள்ளி

நின்றுவிட்டது. இட்லி சாப்பிட்டான். விட்டுப்போன கணக்குத் தேர்வை எழுதினேன், சுமார்.

மார்ச் 9, சனி

எஸ்தர் அக்கா லேப் முடிவோடு வந்தார். அம்மா பீடியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

லோகித்துக்கு வந்தது ரோட்டா என்கிற வைரஸ். சின்னக் குழந்தைகளுக்கு அடிக்கடி வருவதுதான். "யமுனா ஞாயித்துக்கிழமை காலைல ஒரு டப்பா எடுத்தா இல்ல, சொட்டு போடறதுக்கு முன்னாடி. அதுலயே இருக்கு" என்றார்.

"முன்னாடியேவா?" என்றாள் அம்மா.

"முன்னாடியே."

"சொட்டு வாயில படறதுக்கு முன்னாடியே?"

"ஆமாக்கா. உள்ள ஏற்கெனவே வந்துடுச்சு. பேதி ஆவறதுக்கு ஒரு நாள் எடுத்துச்சு, அவ்ளோதான். சொட்டு போடாம இருந்திருந்தாலும் திங்கட்கிழமை ஆகியிருக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். தரையில் விழுந்திருந்த தூளைக் கையால் கூட்டி ஒன்றாக்கினாள்.

"அப்போ அவளுக்கும் அதுதானா?"

அக்கா ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அக்கா, "அவளோடது யாரும் எடுத்து வெக்கல அக்கா. இதுவாவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார்.

கற்பகம் அத்தை வாசலில் நின்று, "இன்னா, டப்பா ரிசல்ட்டா? பாஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு அக்கா, அந்த வைரஸ் இடம் பிடித்து உட்கார்ந்திருந்ததால் இந்தமுறை போட்ட சொட்டும் சரியாகப் பிடித்திருக்குமா என்பது சந்தேகம் என்றார். அதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"மறுபடி எப்போ போடுவாங்க?" என்று கேட்டாள் அம்மா.

மார்ச் 16, சனி

டப்பா. வழக்கம்போல.

மார்ச் 27, புதன்

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. சுகாதார நிலையத்தில் லோகித்துக்குச் சொட்டு போட்டோம். கூட்டம் இல்லை, உடனே முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள். சின்னவள் இவனை மாதிரி அடம் பிடிக்கமாட்டாளாம். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் வாய் போகுமாம். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற சத்தம் கேட்டால் தூளியில் கிடந்தபடியே காலை ஆட்டுவாளாம். எனக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை. பல் முளைத்திருந்ததா என்று கேட்டேன். கீழே ரெண்டு, அரிசி மாதிரி, என்றாள். கடிப்பாளா என்றேன். உன்னைத்தான் கடிப்பா, நீ அழுவ, என்று சொல்லிச் சிரித்தாள்.

லோகித் அவள் தோளில் தூங்கிவிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் பீடி இலை நனைத்து வைத்திருக்கிறாள், சாயங்காலத்துக்குள் சுற்றிக் கட்டுப் போடவேண்டும்.

எங்கள் தெரு வந்ததும் நான் திரும்பினேன். அம்மா திரும்பவில்லை.

"அப்படியே மார்க்கெட் வரைக்கும் போய்ச் சுத்திக்கினு வரலாமா?" என்றாள்.

போனோம்.